மாடித்தோட்டக் கேள்வி பதில்: மீன் அமிலமும் இருமல் மருந்து மூடியும்

ஆடிப்பட்டத்தில் விதைத்ததெல்லாம் பூவெடுக்கிற நேரம் இது. செடியில் நாலு பூவைப் பார்த்துவிட்டால் நமக்குக் கை சும்மா இருக்காது, எதையாவது ஊற்றத் தோன்றும். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கரைசல் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். வேர்ப்பூச்சி பற்றிக் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் விவசாயம் படித்தவள் இல்லை. திருச்சியில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் 31 வருடம் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். சோதனைக் குழாய் கழுவியதும் கரைசல் கலந்து பாட்டிலில் பெயர் ஒட்டியதும்தான் என் படிப்பு. ஓய்வு பெற்ற பிறகு உறையூர் வீட்டு மொட்டைமாடியில் எழுபது பைகளில் செடி வளர்க்கிறேன்.

“அம்மா, என் பதினோரு மிளகாய்ச் செடியும் நன்றாக இருந்தன. போன ஞாயிறு மதியம் மீன் அமிலம் ஊற்றினேன். கால் டம்ளர் அமிலத்தை ஒரு மக் தண்ணீரில் கலந்து செடிக்கு ஒரு மக். செவ்வாய்க்கிழமை பார்த்தால் இலை ஓரமெல்லாம் தீய்ந்த மாதிரி பழுப்பு. இயற்கை உரம் செடியைக் கருக்குமா? கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?”
– வாசகி, தாம்பரம்

கடைக்காரரை விட்டுவிடுங்கள். அவர் கொடுத்தது நல்ல சரக்காக இருந்ததால்தான் இவ்வளவு வேகமாகக் கருக்கியிருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். வீட்டு டம்ளர் 200 மி.லி. என்று வைத்தால் கால் டம்ளர் 50 மி.லி. மக் ஒரு லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மீன் அமிலம் 5 மி.லி. போதும். நீங்கள் ஊற்றியது பத்து மடங்கு. இளம் செடி என்றால் நான் இரண்டு, இரண்டரை மி.லி.யைத் தாண்டுவதில்லை. அந்தக் கணக்கில் இருபது மடங்கு.

இயற்கை உரம் கருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாவடு போட்டிருப்பீர்களே. உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கும், வடு சுருங்கியிருக்கும். உப்பு அதிகமாக இருக்கும் பக்கத்துக்குத் தண்ணீர் போய்விடுகிறது. உங்கள் மிளகாய் வேருக்கும் அதுதான் நடந்தது. மீனும் நாட்டுச்சர்க்கரையும் ஊறி இறங்கிய சாறு, அதில் கரைந்திருப்பது ஏராளம். அதைக் கெட்டியாக ஊற்றினால் வேர் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக மண் வேரிலிருந்து உறிஞ்சும். உள்ளே ஏறிய கொஞ்ச நஞ்ச உப்பும் இலை ஓரத்தில் போய் நிற்கும், ஏனென்றால் தண்ணீர் ஆவியாகப் போகிற கடைசி நிறுத்தம் அது. அதனால்தான் நடு இலை பச்சையாக இருக்க ஓரம் மட்டும் தீய்கிறது. உப்பு மூட்டையிலிருந்து வந்ததா மீனிலிருந்து வந்ததா என்று வேர் விசாரிக்காது.

கடிதத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவை. ஒன்று, மதியம். இரண்டு, அதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றியதாக எழுதவே இல்லை. மொட்டைமாடியில் ஞாயிறு மதியம் பை காய்ந்து சுடச் சுட இருந்திருக்கும். காய்ந்த மண் கரைசலை முழுசாக இழுத்துக்கொள்ளும், வேர் தாகத்தில் இருப்பதால் அதுவும் இழுக்கும். எந்தக் கரைசலாக இருந்தாலும் முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மண்ணை நனைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து ஊற்றுங்கள். காலை எட்டு மணிக்குள், இல்லையென்றால் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு. உங்கள் பக்கம் போர் தண்ணீர் என்றால் அதிலேயே உப்பு இருக்கக்கூடும். பை ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அளவை இன்னும் பாதியாகக் குறையுங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். பையின் அடியில் ஓட்டை அடைபடாமல் இருக்கிறதா என்று முதலில் குச்சி விட்டுப் பாருங்கள். பிறகு நல்ல தண்ணீரை மெதுவாக, பூவாளியில், அடியிலிருந்து ஒழுகும் வரை ஊற்றுங்கள். அரை மணி விட்டு மறுபடி. மொத்தம் மூன்று தடவை. முதல் தடவை ஒழுகும் தண்ணீர் டீ நிறத்தில் வரும், மூன்றாவது தடவை ஏறக்குறைய தெளிந்துவிடும். அப்புறம் மேல்மண் காயும் வரை தண்ணீர் வேண்டாம், இரண்டு வாரத்துக்கு எந்த உரமும் வேண்டாம். நாலைந்து நாளைக்கு மதிய வெயிலில் பழைய வெள்ளை வேட்டியைக் கட்டி நிழல் கொடுங்கள். ஓரம் தீய்ந்த இலைகளைப் பிய்க்காதீர்கள், பச்சையாக இருக்கிற மீதிப் பாகம் செடிக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கும். தீய்ந்த இடம் மறுபடி பச்சையாகாது. குருத்தைப் பாருங்கள். குருத்து சுத்தமாக வந்தால் செடி பிழைத்தது.

பதினொன்றில் இரண்டு மூன்று போகலாம். எனக்குப் பதினாலில் ஒன்பது போனது. மாடித்தோட்டம் தொடங்கிய முதல் வருடம், சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்க வைக்கிற பஞ்சகவ்யாவைத் தண்ணீரில் கலக்காமல் அப்படியே கத்தரிக்கு ஊற்றினேன். ஆய்வகத்தில் அடர் அமிலத்தைத் தொடும் முன் மூன்று தடவை லேபிள் பார்க்கிற நான்தான். ‘பால், தயிர், நெய் போட்டது, என்ன செய்துவிடும்’ என்ற நினைப்பு. என் வீட்டுக்காரர் அந்த ஒன்பது பையையும் பல நாள் நகர்த்தாமலே வைத்திருந்தார், போகிற வருகிறவர்களுக்குக் காட்ட.

அளவைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போகிறேன். ‘ஒரு ஸ்பூன்’ என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. எங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கிற ஏழு ஸ்பூன்களையும் ஒருநாள் அளந்து பார்த்தேன். மிகச் சிறியது மூன்று மி.லி., பெரியது ஒன்பது. பாட்டில் மூடியும் அப்படித்தான், கம்பெனிக்குக் கம்பெனி வேறு. குழந்தைகளுக்கான இருமல் மருந்து பாட்டிலின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி கவிழ்த்து வரும், அதில் 2.5, 5, 10 என்று கோடு போட்டிருக்கும். அதைக் கழுவித் தோட்டத்துக்கென்று ஒதுக்கிவிடுங்கள். மறுபடி மருந்துக்கு எடுக்காமல் இருக்க மேலே சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு.

“பஞ்சகவ்யாவைக் கீரை, கொத்தமல்லி, புதினா மேல் தெளிக்கலாமா? தெளித்தால் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம்?”
– வாசகர், ஈரோடு

உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கொடுமுடிதான் பஞ்சகவ்யாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அங்கே மருத்துவராக இருந்த டாக்டர் நடராஜன் அதைச் செடிகளுக்குப் பயன்படுத்தும் முறையைப் பரப்பினார். 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மி.லி., என்பதே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சொல்கிற அளவு. தக்காளி, கத்தரி, மல்லிகைக்கு அந்த அளவில் தாராளமாகத் தெளிக்கலாம். வடிகட்டித் தெளியுங்கள், இல்லாவிட்டால் ஸ்பிரேயர் மூக்கு அடைத்துக்கொண்டு மூக்கைக் கழற்றுவதிலேயே பொழுது போய்விடும்.

ஆனால் நீங்கள் கேட்ட மூன்றின் மேலும் நான் தெளிக்க மாட்டேன். பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம், அமிர்தக் கரைசல் எல்லாம் பச்சைச் சாணத்தில் தொடங்குபவை. சாணத்தில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் இருக்கலாம். வீட்டில் கலக்கும் கரைசல் புளித்ததாலேயே அவை எல்லாம் செத்துவிட்டன என்று உறுதி சொல்ல முடியாது. அமெரிக்காவில் இயற்கை விளைபொருள் சான்றிதழுக்கு ஒரு விதி உண்டு. மக்காத சாணத்தை நிலத்தில் போட்டால், மண்ணைத் தொட்டு விளையும் பயிரை அறுக்க 120 நாள் ஆகியிருக்க வேண்டும், மண்ணைத் தொடாத பயிருக்கு 90 நாள். நம் அரைக்கீரையும் சிறுகீரையும் 25, 30 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். அந்தக் கணக்கில் தெளித்துவிட்டுக் காத்திருக்க இடமே இல்லை.

கீரையையாவது வேக வைக்கிறோம். கொத்தமல்லியைக் கிள்ளி ரசத்தில் கடைசியாகப் போட்டு அடுப்பை அணைக்கிறோம், புதினாவைப் பச்சையாகச் சட்னி அரைக்கிறோம், வெள்ளரிக்காயைப் பறித்த கையோடு கடிக்கிறோம். எங்கள் வீட்டில் பேத்திக்கு இரண்டு வயது, மாமியாருக்கு 86. இவர்கள் இரண்டு பேரும் சாப்பிடுகிற வீட்டில் புதினா இலைமேல் சாணக் கரைசலைத் தெளிக்க எனக்கு மனசு வராது. இந்தச் செடிகளுக்கு விதைக்கும் முன்னாலேயே நன்றாக மக்கி, மண்வாசனை வருகிற மண்புழு உரத்தைப் பைக்கு மூன்று நான்கு கைப்பிடி கலந்துவிடுவேன். அதோடு சரி. புதினாவுக்கு மட்டும் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மேலாக ஒரு கைப்பிடி.

பச்சையாகச் சாப்பிடாத காய்ச்செடிக்கு வேரில் ஊற்றும்போதும் தூர்ப் பக்கமாக, மண்ணோடு ஒட்டி ஊற்றுங்கள். மேலிருந்து கொட்டினால் தெறித்துக் காயில் படும். கையில் காயம் இருந்தால் கையுறை போடுங்கள். மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் கிருமி இருக்கும், ஊசி போட்டுப் பத்து வருடம் ஆனவர்கள் ஒருநடை டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொருவர், திண்டுக்கல்லிலிருந்து, தோட்டத்துக்குத் தயாரித்த பஞ்சகவ்யாவைத் தினமும் ஒரு மூடி குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் சார்.

“ஆன்ட்டி, நான் கல்லூரியில் படிக்கிறேன். ஹாஸ்டல் மாடியில் பத்துப் பை வைத்திருக்கிறோம். செடிக்கு ஊற்ற முட்டை ரசம் தயாரிக்கக் கண்ணாடி பாட்டிலில் முட்டையும் எலுமிச்சைச் சாறும் போட்டு இறுக்கி மூடி வைத்திருக்கிறேன். மூன்று நாளாயிற்று. மூடி மேலே உப்பிய மாதிரி தெரிகிறது. பரவாயில்லையா?”
– வாசகர், மதுரை

தம்பி, இதழ் கையில் கிடைக்கும்போது மூன்று நாள் மூன்று வாரமாகியிருக்கும் என்பதால் இந்தக் கடிதத்துக்கு உடனே தபாலில் பதில் போட்டுவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

முட்டை ஓடு என்பது சுண்ணாம்புக்கல் குடும்பம், கால்சியம் கார்பனேட். அதில் எலுமிச்சை அமிலம் பட்டால் கார்பன் டை ஆக்சைடு பொங்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சோதனைக் குழாயில் செய்து காட்டுவோம், நுரை வந்தவுடன் கைதட்டுவார்கள். அதே நுரையை இறுக்கி மூடிய கண்ணாடி பாட்டிலுக்குள் அடைத்தால் அது சோடா பாட்டில். வெடித்தால் கண்ணாடிச் சில்லு கண்ணுக்குத்தான் குறி வைக்கும்.

எனக்குக் கண்ணாடியில் நடக்கவில்லை, பிளாஸ்டிக் ஜாடியில் நடந்தது. மீன் அமிலம். ராத்திரி ஒன்றரை மணிக்கு மாடிப்படிக்குக் கீழே ‘டப்’ என்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் மூடி எதிர்ச் சுவரில் மோதி விழுந்து கிடக்கிறது, சுவரில் ஆள் உயரத்துக்கு மத்திச்சாறு. இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும் மழைக்காலத்தில் அந்த இடத்தைப் பூனைகள் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போகும்.

பிளாஸ்டிக் ஜாடி, அதில் மூன்றில் ஒரு பங்கு காலி. வாயில் காடாத் துணி கட்டி ரப்பர் பேண்ட். மூடிதான் போட வேண்டுமென்றால் ஒரு திருகு தளர்வாக. ஏற்கெனவே உப்பிவிட்ட பாட்டில் இருந்தால் முகத்தை அதன்மேல் குனிந்து திறக்காதீர்கள். கனமான துண்டைச் சுற்றி, வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, காற்று ‘உஸ்’ என்று போகும் அளவுக்கு மட்டும் தளர்த்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். சத்தம் நின்ற பிறகு மீதி.

ஹாஸ்டல் என்பதால் இன்னொன்று. கரைசலைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதே. வடிகட்டிய மீன் அமிலம் பார்க்க அசல் நன்னாரி சர்பத். அதே பழுப்பு, அதே கெட்டித்தனம், மூடியைத் திறந்தால் வெல்ல வாசனைகூட வரும். என் தம்பி ஒருதடவை ஐஸ் போட்டு டம்ளரில் கலந்தேவிட்டான், நல்லவேளை வாயில் வைக்கும் முன் மூக்கில் வைத்தான். பெரிய எழுத்தில் ‘செடிக்கு, குடிக்காதே’ என்று எழுதி, கலந்த தேதியோடு ஒட்டு. மூடியில் ஒட்டாதே, மூடி மாறிவிடும். பாட்டில் உடம்பில் ஒட்டு.

“ஊரில் மாமா வயலில் இருந்த கைத்தெளிப்பானை வாங்கி வந்து தேமோர்க் கரைசல் தெளித்தேன். தக்காளி இலை எல்லாம் ஒரு வாரத்தில் கயிறு மாதிரி ஒல்லியாக முறுக்கிக்கொண்டது. மோர் புளித்தது அதிகமாகிவிட்டதா?”
– வாசகி, பொள்ளாச்சி

மோர் மேல் சந்தேகம் வேண்டாம். தேங்காய்ப்பாலும் மோரும் சரிபாதியாக ஊறிய கரைசலைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து தெளித்ததாக எழுதியிருக்கிறீர்கள், அது சரியான அளவுதான். மாமா அந்தத் தெளிப்பானில் கடைசியாக என்ன அடித்தார் என்று போன் போட்டுக் கேளுங்கள். களைக்கொல்லி என்றால், அதிலும் 2,4-டி என்றால், நீங்கள் சொன்ன அடையாளம் அப்படியே பொருந்துகிறது. தக்காளிக்கும் பருத்திக்கும் அதன் வாடைகூட ஆகாது. தொட்டியைக் கழுவினாலும் ரப்பர் குழாயிலும் வாஷரிலும் தங்கிய மிச்சம் போதும். வைரஸிலும் இலை இப்படிச் சுருங்கும். ஆனால் அது செடிக்குச் செடி கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும், தெளித்த செடிகள் அத்தனையும் ஒரே வாரத்தில் சேர்ந்து முறுக்காது.

அந்தச் செடிகளில் காய் பிடித்தாலும் சாப்பிட வேண்டாம், பிடுங்கிவிடுங்கள். பிடுங்கியதை மக்கு உரக் குழியில் போடவும் வேண்டாம். தெளிப்பானை மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, நூற்றைம்பது இருநூறு ரூபாய்க்கு ஒரு லிட்டர் கைத்தெளிப்பான் புதிதாக வாங்குங்கள். எண்ணெயோ மோரோ தெளித்த அன்றே வெறும் தண்ணீர் ஊற்றிப் பத்துப் பதினைந்து தடவை அடித்துக் கழுவிவிட்டால் வருடக்கணக்கில் வரும்.

“மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். ஜீவாமிர்தம் தயாரிக்க ஆசை. ஆனால் கடலைப் புண்ணாக்குக் கரைசல் வைத்ததற்கே கீழ் வீட்டுக்காரர் நாற்றம் என்று சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டார். பைத் தண்ணீர் அவர் பால்கனியில் சொட்டுகிறதாம். என்ன செய்யலாம்?”
– வாசகி, சென்னை

சொட்டினால் அவர் சொல்வது நியாயம்தானே. சாணித்தண்ணீர் தன் வீட்டுத் துணிமேல் விழுந்தால் நானும் புகார்தான் கொடுப்பேன். பைகளின் கீழே தட்டு வையுங்கள், கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு அடி உள்ளே தள்ளுங்கள், ஊற்றும் அளவைக் குறையுங்கள். பன்னிரண்டு அங்குலப் பைக்கு அரை லிட்டர் கலந்த கரைசல் போதும், அடியில் ஒழுகுகிற அளவுக்கு ஊற்றினால் சத்தும் சேர்ந்தே ஒழுகுகிறது. தட்டில் நிற்கிற தண்ணீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள். தெளிந்த தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு, அழுக்குத் தண்ணீர் தேங்கினால் வேறொரு கொசு, இரண்டும் முட்டை வைக்கும்.

கடலைப் புண்ணாக்கு நாற்றத்துக்குக் காரணம் அதன் புரதம். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் ஊறவைத்து இரண்டாவது நாளே எடுத்துப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றிவிட்டால் அவ்வளவு நாறாது. நீங்கள் எட்டு நாள் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். எட்டாவது நாள் எங்கள் தெருவுக்கே தெரியும். வண்டலை மண்மேல் விட்டு வைத்தால் எறும்பும் எலியும் வரும், இரண்டு அங்குல மண்ணைக் கிளறி உள்ளே புதைத்து மூடுங்கள்.

ஜீவாமிர்தம் அடுக்குமாடியில் முடியாது என்பதில்லை. ஜீவாமிர்தத்தைப் பரப்பிய இயற்கை விவசாயி சுபாஷ் பாலேக்கர் சொன்ன அளவு 200 லிட்டர் பீப்பாய்க்கு, அது ஏக்கர் கணக்குக்காரர்களுக்கு. அதை இருபதால் வகுத்தால் பத்து லிட்டர் தண்ணீருக்குச் சாணம் அரைக் கிலோ, கோமியம் கால் முதல் அரை லிட்டர், வெல்லம் 100 கிராம், ஏதாவது பயறு மாவு 100 கிராம், ஒரு சிட்டிகை நல்ல மண். பதினைந்து லிட்டர் வாளி, மேலே சணல் சாக்கோ துணியோ, நிழலில் 48 மணி நேரம். காலையிலும் மாலையிலும் குச்சியால் நன்றாகக் கலக்குங்கள். வலப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் இடது கைக்காரி, எனக்கு எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் சுற்றுகிறேன், செடி குறை சொன்னதில்லை. காற்று உள்ளே போவதுதான் கணக்கு. காற்று போகாமல் விட்டால் வேறு வகை நுண்ணுயிர் பெருகி அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றம் வந்துவிட்டால் செடிக்கு ஊற்றாதீர்கள், மக்கு உரத் தொட்டியில் காய்ந்த இலையோடு சேர்த்துவிடுங்கள்.

தயாரானதைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பத்துப் பதினைந்து பை வைத்திருக்கிறவருக்குப் பத்து லிட்டரே மிச்சமாகும், அதனால் ஐந்து லிட்டராகப் போடுங்கள். குளோரின் வாசனை அடிக்கிற குழாய்த் தண்ணீர் என்றால் முதல்நாள் ராத்திரியே பிடித்துத் திறந்து வைத்துவிடுங்கள். கீழ் வீட்டுக்காரருக்கு முதல் வெண்டைக்காயில் ஒரு பிடி கொடுத்தனுப்பிப் பாருங்கள். எங்கள் தெருவில் இது வேலை செய்தது, இப்போது அந்த அம்மாளே ஆறு பை வைத்திருக்கிறார்.

“கோமியத்தில் அடுப்புச் சாம்பலைக் கலந்து வைத்தால் சாம்பல் சத்தும் தழைச்சத்தும் ஒன்றாகக் கிடைக்குமாமே?”
– வாசகர், தஞ்சாவூர்

கிடைக்காது, பறந்துவிடும். அம்மோனியம் குளோரைடையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் சூடாக்கினால் அம்மோனியா வரும் என்று பள்ளியில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? ஆய்வகத்தில் அந்தச் சோதனை நடக்கும் நாளில் ஜன்னலை எல்லாம் திறந்து வைப்பது என் வேலை. சாம்பலும் சுண்ணாம்பு மாதிரி காரம்தான். புளித்த கோமியத்தில் அதைக் கொட்டினால் தழைச்சத்து அம்மோனியாவாகி உங்கள் கண்ணை எரித்துவிட்டுக் காற்றில் போகும். இரண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள், நடுவில் பத்து நாள் இடைவெளி. கோமியம் பத்து மடங்கு தண்ணீரில், வேரில் மட்டும். சாம்பல் பைக்கு ஒரு மேசைக்கரண்டி, மண்ணில் கிளறி. எரித்த பிளாஸ்டிக்கோ பெயின்ட் அடித்த பலகையோ கலந்த சாம்பல் என்றால் அது தோட்டத்துக்கே ஆகாது.

வேப்பெண்ணெயோடு பஞ்சகவ்யாவைக் கலக்கலாமா, மீன் அமிலத்தோடு முட்டை ரசத்தைக் கலக்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு வாரத்துக்கு ஒன்று. இரண்டைக் கலந்து செடி வாடினால் எதனால் வாடியது என்று எனக்கு எழுதியும் பயனில்லை, என்னாலும் கண்டுபிடிக்க முடியாது. புதிதாக எதைத் தெளித்தாலும் ஒரே செடியில் நாலு இலைக்குத் தெளித்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள்.

“நம்ம வீட்டு நாய் ரோஜாத் தொட்டியைத் தோண்டிப் புண்ணாக்கைத் தின்கிறது. நேற்று ஒரு தடவை வாந்தி எடுத்தது. கவலைப்பட வேண்டுமா?”
– வாசகி, புதுக்கோட்டை

இந்தக் கடிதத்துக்கும் தபாலில் பதில் போய்விட்டது. என்ன புண்ணாக்கு என்பதைப் பொறுத்தது. கடலைப் புண்ணாக்கு என்றால் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு போகும், பூஞ்சை பிடித்த பழைய சரக்காக இருந்தால்தான் பயம். ஆமணக்குப் புண்ணாக்கு என்றால் விஷயமே வேறு. ஆமணக்கு விதையில் ரிசின் என்ற விஷம் இருக்கிறது, எண்ணெய் எடுத்த பிறகும் அது புண்ணாக்கிலேயே தங்கும். கடையில் ரோஜா உரம் என்று கலந்து கட்டி விற்பதில் சில நேரம் எலும்புத்தூளோடு இதுவும் இருக்கும். எலும்பு வாசனைக்கு நாய் தோண்டும். நாயும் பூனையும் நடமாடுகிற வீட்டில் ஆமணக்குப் புண்ணாக்கை வாங்கவே வாங்காதீர்கள், கரைசலாகக்கூட வேண்டாம்.

வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டாம். ரிசின் பாதிப்பு சில மணி நேரம், சில சமயம் ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட வரும். இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். போகும்போது உரம் வாங்கிய பையையும் கையோடு எடுத்துப் போங்கள், மேலே அச்சடித்திருப்பதை அவர் பார்க்க வேண்டும்.